பி.ஆர்.பி. ஊசிக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி கேட்டவருக்கு வயது 29, கோவையில் வேலை. நான்கு வருடமாக முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறது, உச்சியிலும் மண்டை தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கும் வழுக்கை. தை மாதம் கல்யாணம், இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. ஒரு கிளினிக்கில், ஆறு சிட்டிங் பி.ஆர்.பி. (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் போடும் ஊசி) போட்டால் போன முடியெல்லாம் திரும்பிவிடும், முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால் தள்ளுபடி உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். கூடப் போன அக்காவுக்குக் கன்னத்தில் மங்கு என்ற கரும்படலமும் பழைய பரு வடுவும் இருக்கின்றன. அவருக்கும் அதே ஊசியை முகத்தில் போட்டுவிடலாம் என்றார்களாம். "சொந்த ரத்தம்தானே, பக்கவிளைவே கிடையாது என்கிறார்கள். செய்துகொள்ளலாமா டாக்டர்?" என்பது கேள்வி.

தம்பி, நான் தோல் மருத்துவர். பி.ஆர்.பி. நானும் செய்கிறேன், பலன் கண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிச் சொல்லப் போவதில்லை. உங்களுக்கு இது உதவ வாய்ப்பு இருக்கிறது. ஆனால் தனியாக இதை மட்டும் நம்பினால் போதாது, முதலில் செய்ய வேண்டிய வேலையும் இது கிடையாது. அக்காவின் பரு வடுவுக்கு ஓரளவு உதவும். மங்குக்கு நான் இதை எழுத மாட்டேன். பணத்தை இன்றைக்குக் கட்ட வேண்டாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

பிளேட்லெட் என்ற சொல்லை நம் ஊரில் வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தது டெங்குதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று "இன்னைக்கு பிளேட்லெட் எவ்வளவு?" என்று கேட்காத குடும்பம் குறைவு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டிய அணுக்கள் இவை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பெரிய செல்களிலிருந்து துண்டு துண்டாகப் பிரிந்து வருகின்றன, எட்டு முதல் பத்து நாள் உயிரோடு இருக்கின்றன. காயம் பட்டால் முதலில் ஓடிவந்து ஓட்டையை அடைப்பவை இவைதான். அடைத்ததும், தங்களுக்குள் பொட்டலம் கட்டி வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டுகின்றன. புது ரத்தக் குழாய் முளைக்க ஒன்று, கொலாஜன் என்ற தோல் நாரை நெய்ய ஒன்று, செல்கள் பெருக ஒன்று என்று பல புரதங்கள். காயம் ஆறுவதற்கான முதல் ஆணை அங்கிருந்துதான் போகிறது. பிளேட்லெட் செயலுக்கு வந்த முதல் பத்து நிமிடத்திலேயே இதில் பெரும்பகுதி வெளியேறிவிடும், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லாமே.

இந்த அணுக்களைத் திரட்டி, ஆற வேண்டிய இடத்தில் நாமே கொண்டுபோய் வைத்தால் என்ன என்ற யோசனைதான் பி.ஆர்.பி. பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா என்று பொருள். பெயர் பழையது. பிளேட்லெட் குறைந்த நோயாளிகளுக்கு ஏற்றுவதற்காக 1970களிலேயே ரத்த வங்கிகளில் புழங்கியது. ஆற வைக்கும் மருந்தாக அது பிரபலமானது 1998இல். அமெரிக்காவின் மயாமியில் ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை மருத்துவரின் குழு, தாடையில் எலும்பு ஒட்டு வைக்கும்போது கூடவே பி.ஆர்.பி.யும் வைத்தால் எலும்பு சீக்கிரம் முதிர்கிறது என்று காட்டியது. அங்கிருந்து மூட்டுக்குப் போனது, விளையாட்டு வீரர்களின் தசைநாருக்குப் போனது, அப்புறம் தலைக்கும் முகத்துக்கும் வந்தது. தலையில் இது எப்படி வேலை செய்வதாகக் கருதுகிறோம் என்றால், முடியின் வேரடியில் இருக்கும் செல்களைத் தூண்டி, வளரும் கட்டத்தை நீட்டி, சுற்றிலும் சின்ன ரத்தக் குழாய்களைக் கூட்டுகிறது. இந்த விளக்கத்தில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. தூண்டுவதற்கு அங்கே வேர் உயிரோடு இருக்க வேண்டும்.

இப்போது குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இந்தச் சிகிச்சையில் பாதி வெற்றி அங்கேதான் முடிவாகிறது, நோயாளிகள் கவனிக்காத இடமும் அதுதான்.

ரசத்தை இறக்கி வைத்து அசைக்காமல் விட்டால் தெளிவு மேலே நிற்கும், மண்டி அடியில் தங்கும். ரத்தமும் அப்படித்தான். உறையாமல் இருக்க சிட்ரேட் மருந்து கலந்த குழாயில் எடுத்து சென்ட்ரிஃப்யூஜ் என்ற இயந்திரத்தில் சுழற்றினால், கனமான சிவப்பணுக்கள் அடியில் போகும், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும், நடுவில் பால் ஏடு போல மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று தெரியும். பிளேட்லெட்டுகள் இந்தப் படலத்திலும் அதை ஒட்டிய பிளாஸ்மாவிலும் இருக்கின்றன. முதல் சுற்று மெதுவாக. அதில் சிவப்பணுவை விட்டுவிட்டு மேல்பகுதியையும் படலத்தையும் வேறு குழாய்க்கு மாற்றுவோம். இரண்டாவது சுற்று வேகமாக. இப்போது பிளேட்லெட்டுகள் அடியில் ஒரு சின்னப் பொட்டாகத் தங்கும். மேலே இருக்கும் பிளாஸ்மாவில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மீதியில் அந்தப் பொட்டை மெல்ல ஆட்டிக் கலந்தால் கிடைப்பது பி.ஆர்.பி. இடையில் ஜெல் வைத்த கிட் குழாய்களில் ஒரே சுற்றிலும் எடுக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள், நீங்களே எடைபோட்டுவிடலாம். உங்கள் பிளேட்லெட் எண்ணிக்கை இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 20 மில்லி ரத்தம் எடுத்தால் அதில் மொத்தம் 500 கோடி பிளேட்லெட் இருக்கும். சுழற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 400 கோடி மிஞ்சும். அதை 4 மில்லிக்குள் அடக்கினால் மைக்ரோலிட்டருக்குப் பத்து லட்சம் வரும். உடலில் இருப்பதைப்போல நான்கு மடங்கு. பத்து லட்சம் என்பதுதான் மார்க்ஸ் காலத்திலிருந்து பலரும் சொல்லிவரும் இலக்கு. சரி, இதுவே 8 மில்லி குழாய் ஒன்றில் மட்டும் ரத்தம் எடுத்து, அதிலிருந்து 4 மில்லி மஞ்சள் நீரை உறிஞ்சி ஊசி போட்டால்? அந்த 8 மில்லியில் இருப்பதே 200 கோடி. ஒன்றுகூட வீணாகவில்லை என்று வைத்தாலும் ஐந்து லட்சத்தைத் தாண்டாது. நடைமுறையில் அதுவும் வராது. போட்டது பிளாஸ்மாதான், 'செறிந்த' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. எவ்வளவு ரத்தம் எடுக்கிறார்கள், அதிலிருந்து எவ்வளவு மில்லி ஊசிக்கு வருகிறது என்ற இரண்டு எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

வேகத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'நிமிடத்துக்கு 1,500 சுற்று வீதம் பத்து நிமிடம்' என்று ஒருவர் எழுதி வைத்ததை இன்னொருவர் தன் இயந்திரத்தில் அப்படியே செய்தால் அதே பலன் வராது. குழாயை எறியும் விசை, சுழலும் தட்டின் ஆரத்தையும் பொறுத்தது. அதே 1,500 சுற்று, பத்து சென்டிமீட்டர் ஆரம் கொண்ட இயந்திரத்தில் புவியீர்ப்பைப்போல 250 மடங்கு விசை தரும், பதினைந்து சென்டிமீட்டர் ஆரத்தில் 375 மடங்கைத் தாண்டிவிடும். ஒன்றில் பிளேட்லெட் மேலே மிதக்கும், மற்றொன்றில் சிவப்பணுவோடு சேர்ந்து அடியில் புதைந்துவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பி.ஆர்.பி. ஆரம்பித்த புதிதில் பாடக் குறிப்பில் இருந்த வேகத்தையே வைத்துச் செய்துகொண்டிருந்தேன். மூன்று நான்கு மாதம் ஆகியும் பலருக்குப் பெரிய மாற்றம் இல்லை. ஒரு நாள் மனசு கேட்காமல், தயாரித்த பி.ஆர்.பி.யில் ஒரு சொட்டையும் அதே நோயாளியின் ரத்தத்தையும் பக்கத்து ஆய்வகத்துக்கு அனுப்பி எண்ணச் சொன்னேன். ரத்தத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். எங்கள் இயந்திரத்தின் தட்டு பெரியது, முதல் சுற்றிலேயே பிளேட்லெட்டெல்லாம் சிவப்பு அடுக்குக்குள் போய்விட்டிருக்கிறது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேகத்தை மாற்றி மாற்றி, எண்ணி எண்ணி, சரியான இடத்துக்கு வர இரண்டு வாரம் ஆனது. அதுவரை ஊசி வாங்கியவர்களை அழைத்து உண்மையைச் சொல்லி, கட்டணம் இல்லாமல் மறுபடி செய்துகொடுத்தேன். இன்றைக்கும் அவ்வப்போது ஒரு மாதிரியை எண்ண அனுப்புகிறேன். உங்கள் கிளினிக்கில் "நீங்கள் தயாரிக்கும் பி.ஆர்.பி.யை எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

அப்புறம், பலன் பற்றிய ஆய்வுகள். பரம்பரை வழுக்கைக்கு பி.ஆர்.பி. முடி அடர்த்தியைக் கூட்டுகிறது என்று சொல்லும் ஆய்வுகள்தான் அதிகம். இத்தாலியில் 20 ஆண்களிடம் தலையின் ஒரு பாதிக்கு பி.ஆர்.பி., மறு பாதிக்கு வெறும் உப்புநீர் என்று மாதம் ஒருமுறையாக மூன்று முறை போட்டு 2015இல் வெளியிட்டார்கள். பி.ஆர்.பி. போட்ட பக்கத்தில், அளந்த பகுதியில் சராசரியாக 33 முடிக்கு மேல் கூடியிருந்தது. அதே ஆய்வில், ஒரு வருடம் கழித்து நான்கு பேருக்கு மறுபடி கொட்டத் தொடங்கியதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். 2016இல் 26 பெண்களிடம் ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்த இன்னொரு ஆய்வில் முடி எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஏன் இப்படி ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்றால், ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு வேகம், ஆளுக்கொரு இடைவெளி. பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் பொருள் வேறு வேறு. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் நோயாளிகளிடம் சொல்வது இதுதான்: மெலிந்த முடி தடிக்கலாம், கொட்டுவது குறையலாம், சரியான ஆளுக்கு அடர்த்தி கண்ணுக்குத் தெரியும் அளவு கூடலாம். பத்து வருடத்துக்கு முந்தைய நெற்றி திரும்பாது.

உங்கள் தலைக்கு வருவோம். கிளினிக்கில் உங்கள் தலையை யாராவது பார்த்தார்களா? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. முடி கொட்டுவதற்கு ஒரே காரணம் கிடையாது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் நடப்பது. கடும் காய்ச்சல், டெங்கு, அறுவை, பிரசவம், பட்டினி டயட் இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக வரும். பிரசவமான பெண்களிடம் நம் பெரியவர்கள், குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்பார்கள். காரணம் குழந்தையின் சிரிப்பு இல்லை என்றாலும் கணக்கு மிகச் சரி. ஓய்வுக்குப் போன முடி உதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், குழந்தை சிரிப்பதும் அந்தச் சமயத்தில்தான். இந்த வகை உதிர்வு தானாகவே நின்று திரும்ப வளர்ந்துவிடும். அந்த நேரத்தில் யாராவது பி.ஆர்.பி. போட்டுவிட்டால் வளர்ந்த முடிக்கெல்லாம் பெருமை ஊசிக்குப் போய்விடும், பணமும் போய்விடும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, பெண்களுக்கு நீர்க்கட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. இவற்றை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து மாத்திரையில் சரிசெய்யலாம். வட்டமாக மழித்தாற்போல விழும் புழுவெட்டு வேறு நோய். வேரே தழும்பாகிப் போகும் சில நோய்கள் இருக்கின்றன. அவற்றில் நாள் கடத்தினால் இழந்த இடம் இழந்ததுதான். போர்வெல் உப்புத் தண்ணீரைப் பலர் குற்றம் சொல்கிறார்கள். அது முடியைச் சொரசொரப்பாக்கி உடைக்கும், வழுக்கையாக்காது.

உங்கள் வயது, அப்பாவின் தலை, நெற்றியும் உச்சியும் மட்டும் குறைவது, இவற்றை வைத்துப் பார்த்தால் பரம்பரை வழுக்கை போலத்தான் தெரிகிறது. ஆனாலும் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை மண்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் தடித்த முடியும் மெல்லிய முடியும் கலந்திருந்தால் அதுதான். வீட்டில் நீங்களே ஒன்று செய்யலாம். நல்ல வெளிச்சத்தில், தம்பியிடமோ நண்பனிடமோ உச்சியைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மண்டை தெரியும் இடத்தில் பூனைமுடி போல மெல்லிசாகவாவது முடி நிற்கிறதா, அல்லது உள்ளங்கை மாதிரி வழவழப்பாகப் பளபளக்கிறதா என்று பாருங்கள். பூனைமுடி இருக்கும் இடத்தில் வேர் இருக்கிறது, அதைத் தேற்றலாம். பளபளக்கும் இடத்தில் எந்த ஊசியும் முடியை முளைக்க வைக்காது, அங்கே பேச வேண்டியது முடி நடுவதைப் பற்றி.

பரம்பரை வழுக்கைக்கு அடிப்படை மருந்துகள் இரண்டு. ஒன்று மினாக்ஸிடில், தினமும் தலையில் தடவுவது. ரத்த அழுத்த மாத்திரையாக இருந்தது, சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்வதைப் பார்த்துத் தலைக்கு வந்தது. அமெரிக்காவில் 1988இல் அனுமதி பெற்றது. இன்னொன்று ஃபினாஸ்டெரைடு மாத்திரை, 1997இல் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. வேரைச் சுருக்கும் டி.எச்.டி. என்ற ஹார்மோனைக் குறைப்பது. நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: வழுக்கையை நடத்துவது ஹார்மோன். பி.ஆர்.பி. அந்த ஹார்மோனைத் தொடுவதே இல்லை. கசியும் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவது போல, ஊசியின் வேகம் குறைந்ததும் பழைய இறக்கம் தொடரும். அதனால்தான் பி.ஆர்.பி.யை மட்டும் போட்டுக்கொண்டவர்கள் ஒரு வருடத்தில் திரும்ப வருகிறார்கள். ஃபினாஸ்டெரைடில் சிறு பங்கினருக்கு தாம்பத்திய ஆர்வம் குறைவது, விறைப்பில் குறை போன்றவை வரக்கூடும். கல்யாணம் ஆகப் போகிறவர் நீங்கள், மருத்துவரிடம் கூச்சப்படாமல் பேசி முடிவெடுங்கள். மினாக்ஸிடில் ஆரம்பித்த முதல் சில வாரம் சிலருக்கு முடி இன்னும் கூடுதலாக உதிரும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது கிளம்புவதன் அறிகுறி அது. பயந்து நிறுத்துபவர்கள் இங்கேதான் நிறுத்துகிறார்கள்.

மருந்தோடு ஊசி குத்தும் உருளை சேர்ந்தால் என்ன ஆகும் என்று மும்பையில் தோல் மருத்துவர் ரச்சிதா துரத் குழுவினர் 100 ஆண்களிடம் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமானது. மினாக்ஸிடில் மட்டும் தடவியவர்களுக்கு அளந்த பகுதியில் சராசரியாக 22 முடி கூடியது. வாரம் ஒருமுறை மைக்ரோநீட்லிங் என்ற இந்த உருளைக் குத்தும் செய்துகொண்டவர்களுக்கு 91. பன்னிரண்டே வாரத்தில். நுண்ணிய காயமே தலையை எழுப்புகிறது என்பதை இது காட்டுகிறது. பி.ஆர்.பி.யில் கிடைக்கும் பலனில் ஒரு பங்கு, நாம் நூறு இடத்தில் குத்துவதாலும் வருகிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. இதை வீட்டில் மலிவான உருளை வாங்கி நீங்களே செய்துபார்க்க வேண்டாம். மழுங்கிய ஊசி தோலைக் கிழிக்கும், சுத்தம் இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும்.

"பக்கவிளைவே இல்லை" என்ற வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே பேச வேண்டும். உங்கள் ரத்தம் உங்களுக்கு ஒவ்வாமை தராது என்பது உண்மை. ஆனால் அது உங்கள் ரத்தம்தான் என்று யார் உறுதி சொல்வது? அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் முகத்துக்கு இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் மூன்று பேருக்கு, பெரும்பாலும் அங்கிருந்துதான் எச்.ஐ.வி. தொற்றியிருக்க வேண்டும் என்று அந்த நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2024இல் அறிக்கை வெளியிட்டது. 2018இல் அதிகாரிகள் அங்கே போனபோது, பெயர் ஒட்டாத ரத்தக் குழாய்கள் சமையல் மேடையில் நின்றிருக்கின்றன. ஃபிரிட்ஜில் சாப்பாட்டுப் பொருளோடு ரத்தக் குழாய் இருந்திருக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய கருவிகளை மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். பெயர் எழுதாத ஒரு குழாய், மாற்றாத ஓர் ஊசி, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் ரத்தம் எடுத்ததும் உங்கள் கண் முன்னாலேயே குழாயில் பெயர் எழுதச் சொல்லுங்கள். சுழற்றுவதும் நீங்கள் இருக்கும் அறையிலேயே, அல்லது பார்க்கும் தூரத்தில் நடக்கட்டும். ஊசியும் மைக்ரோநீட்லிங் முனையும் உறையைப் பிரித்து எடுப்பதைப் பாருங்கள். குழாயின் மூடி நிறத்தையும் கவனியுங்கள். ரத்த எண்ணிக்கைப் பரிசோதனைக்குப் பயன்படும் ஊதா மூடிக் குழாயில் எடுத்து ஊசி போட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் குழாயில் இருக்கும் மருந்து பரிசோதனைக்கானது, உடம்பில் திரும்பச் செலுத்துவதற்கு இல்லை. முதல் சிட்டிங்குக்கு முன் பிளேட்லெட் எண்ணிக்கை, ஹீமோகுளோபின், மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனைகள் கேட்டால் அது நல்ல இடத்தின் அடையாளம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், பிளேட்லெட் குறைவாக இருப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், ஊசி போடும் இடத்தில் கிருமித் தொற்று உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இவர்களுக்கு இதைத் தவிர்ப்போம். டெங்குவிலிருந்து எழுந்த கையோடும் வேண்டாம்.

ஊசி நாளைப் பற்றிக் கேட்கவில்லை, என்றாலும் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றோடு வராதீர்கள், மயக்கம் வரும். அதற்காக நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டும் வர வேண்டாம். கொழுப்பு ஏறிய பிளாஸ்மா பால் கலந்த மாதிரி கலங்கி வரும், அடுக்குப் பிரிந்ததே சரியாகத் தெரியாது. இரண்டு இட்லி, நிறையத் தண்ணீர், போதும். ஆஸ்பிரின், புரூஃபென் மாதிரி வலி மாத்திரைகள் பிளேட்லெட்டை முடக்கிப் போடும். ஒரு வாரம் முன்னும் பின்னும் வேண்டாம், இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. வலித்தால் பாராசிட்டமால் எடுக்கலாம். வலி இருக்கும், அதை மறைக்க மாட்டேன். மரப்பு ஊசி நெற்றியோரமாகப் போட்ட பிறகும் உச்சியில் சிலருக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். மெல்லிய ஊசியால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சின்னத் துளி என்று முன்னும் உச்சியும் முழுக்கக் குத்திக்கொண்டு போவோம். இரவு தலை கனக்கும். இரண்டாம் நாள் சிலருக்கு நெற்றியில் வீக்கம் இறங்கும், தானே வடிந்துவிடும். அன்றைக்குத் தலைக்குக் குளிக்க வேண்டாம், இரண்டு நாள் எண்ணெய் வேண்டாம். காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் சிவப்பு இவற்றுக்கு உடனே வர வேண்டும்.

இனி உங்கள் அக்கா. பரு வடுவுக்கு மைக்ரோநீட்லிங்கோடு பி.ஆர்.பி. சேர்த்தால் கொஞ்சம் கூடுதல் பலன் இருக்கிறது. 50 பேரின் முகத்தில் ஒரு பக்கம் மைக்ரோநீட்லிங்கோடு பி.ஆர்.பி., மறு பக்கம் மைக்ரோநீட்லிங்கோடு வெறும் காய்ச்சி வடித்த நீர் என்று செய்த ஓர் இந்திய ஆய்வில், 2016இல் வந்தது, பி.ஆர்.பி. பக்கம் 62 சதவீதமும் நீர் பக்கம் 46 சதவீதமும் முன்னேற்றம். வெறும் நீர் பக்கமே 46 என்பதைக் கவனியுங்கள். பெரிய வேலையைச் செய்வது ஊசிக் குத்து, பி.ஆர்.பி. அதன் மேல் கொஞ்சம் கூட்டுகிறது. அதுவும் வடுவின் வகையைப் பொறுத்தது. அலை அலையாகப் பள்ளம் விழுந்த வடுவுக்கு அடியில் இழுத்துப் பிடிக்கும் நாரை அறுத்துவிட வேண்டும். ஊசி குத்தினாற்போன்ற ஆழமான குழிக்கு அமிலப் பொட்டு வைக்க வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு முகம் முழுக்க பி.ஆர்.பி. தெளித்தால் பயன் குறைவு. பரு இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும்.

முகம் பொலிவாகும், சுருக்கம் போகும் என்று சொல்வதற்கு ஆதாரம் இன்னும் மெல்லியது. அமெரிக்காவில் 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 27 பேருக்கு ஒரு கன்னத்தில் பி.ஆர்.பி.யும் மறு கன்னத்தில் உப்புநீரும் போட்டார்கள். எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் பார்த்த மருத்துவர்களுக்கு ஆறு மாதம் கழித்து வித்தியாசம் தெரியவில்லை. ஊசி வாங்கியவர்களோ, தங்களுக்கும் எது எந்தப் பக்கம் என்று தெரியாத நிலையிலும், பி.ஆர்.பி. பக்கம் தோல் நயமாகியிருக்கிறது என்றார்கள். அதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன், ஆனால் அதை நம்பிப் பெரும் பணம் செலவழிக்கச் சொல்லவும் மாட்டேன். கண்ணைச் சுற்றிப் போடுவதில் ஓர் அபாயம் இருக்கிறது. ஊசி தவறி ரத்தக் குழாய்க்குள் போய்ப் பார்வையே போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான், ஆனால் திருப்ப முடியாதது. கருவளையத்துக்கு என்று யாராவது கண்ணடியில் ஊசி போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மங்கு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன். மங்கு என்பது சூட்டுக்கும் வெயிலுக்கும் ஹார்மோனுக்கும் சிலிர்த்துக்கொள்ளும் நிறமி. நம் நிறத்துத் தோலை எங்கே குத்தினாலும் அங்கே கறுப்பு ஏற ஒரு வாய்ப்பு இருக்கிறது, மங்கு இருக்கும் கன்னத்தில் இரு மடங்கு யோசிக்க வேண்டும். அக்காவுக்கு முதல் மருந்து சன்ஸ்கிரீன், தினமும், மழை நாளிலும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. அப்புறம் மருத்துவர் எழுதித் தரும் களிம்புகள், தேவைப்பட்டால் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மூன்று மருந்து கலந்த வெள்ளையாக்கும் களிம்பை அக்கா பூசிக்கொண்டிருந்தால் அதைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கும். அது தோலை மெலிய வைத்திருந்தால் ஊசிக்கு அந்த முகம் தயாராக இல்லை.

கிளினிக்கில் ஜி.எஃப்.சி., பி.ஆர்.எஃப்., எக்ஸோசோம் என்றெல்லாம் விலை ஏற்றிச் சொல்வார்கள். முதல் இரண்டும் பி.ஆர்.பி.யின் உறவுக்காரர்கள். ஒன்று பிளேட்லெட்டை உடைத்து வளர்ச்சிக் காரணியை மட்டும் எடுப்பது, மற்றொன்று உறையாமல் தடுக்கும் மருந்தே இல்லாமல் சுழற்றுவது. பல மடங்கு விலைக்குப் பல மடங்கு பலன் உண்டு என்று காட்டும் ஆதாரத்தை நான் பார்க்கவில்லை. எக்ஸோசோம் வேறு கதை, செல்கள் வெளியிடும் நுண்பைகள் அவை, உங்கள் ரத்தமே கிடையாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019லேயே அதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது. வேண்டாம்.

ஆக, நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டியது: அரசு மருத்துவமனை தோல் பிரிவோ, தகுதியுள்ள தோல் மருத்துவரோ, யாரிடமாவது போய்த் தலையைக் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனை எடுங்கள். பரம்பரை வழுக்கை என்று உறுதியானால் மருந்தை உடனே ஆரம்பியுங்கள். மருந்தின் பலன் கண்ணுக்குத் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், தைக்குச் சரியாக அவ்வளவுதான் இருக்கிறது. பி.ஆர்.பி. சேர்க்க விரும்பினால் மாதம் ஒன்றாக மூன்று சிட்டிங் போதும், ஒவ்வொன்றுக்கும் அன்றன்றைக்குப் பணம் கொடுங்கள். முதல் நாள் அன்று ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்து மூன்றாவதுக்குப் பிறகு ஒப்பிடுங்கள். மாற்றம் இருந்தால் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை தொடரலாம். இல்லையென்றால் நிறுத்திவிட்டு மருந்தை மட்டும் தொடருங்கள். ஆறு சிட்டிங்குக்கு முன்பணம் கட்டியவர்களால் இந்த இடத்தில் நிறுத்த முடிவதில்லை.

கடைசி சிட்டிங் முகூர்த்தத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் முடிந்துவிடட்டும். நலங்கு வைக்கும் நேரத்தில் நெற்றி வீங்கியிருக்கக் கூடாது. அக்கா பரு வடுவுக்கு ஏதாவது செய்துகொள்வதாக இருந்தால் கல்யாணத்துக்கு முன் அவசரப்பட வேண்டாம், மாசியில் தொடங்கச் சொல்லுங்கள். அதுவரை சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டு வரட்டும், மங்கும் அதற்குள் கொஞ்சம் அடங்கியிருக்கும்.